படத்தின் ஓரத்தை இருட்டாக்குவது: எப்படி, எங்கே, எவ்வளவு



நம் கிளையில் யார் படம் எடுத்தாலும் கடைசியாக ஒரு வேலை செய்வோம். காவடிப் படமோ தேவாரப் போட்டிப் படமோ, குழுவில் போடுவதற்கு முன்னால் நாலு ஓரத்தையும் கொஞ்சம் இருட்டாக்கிவிடுவோம். உடனே படம் 'சினிமா மாதிரி' ஆகிவிடும். இதற்கு விக்னெட் என்று பெயர். கிளையில் பலருக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான். அப்போது நான் சொன்னது பாதிப் பாடம்தான் என்பது போன திருவிழாவில் தெரிந்தது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெயர். 'விக்னெட்' பிரெஞ்சுச் சொல். சின்னத் திராட்சைக் கொடி என்று பொருள். பழைய அச்சுப் புத்தகங்களில் தலைப்புப் பக்கத்தில் கொடி கொடியாக அலங்காரம் வரைவார்கள், அதற்கு வந்த பெயர். பிறகு கட்டம் போடாமல் ஓரம் கரைந்து போகிற படங்களுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. 19ஆம் நூற்றாண்டு ஸ்டுடியோ படங்களில் முகம் மட்டும் தெளிவாக இருக்கும், தோளுக்குக் கீழே வெள்ளைக் காகிதத்தில் கரைந்துவிடும். உங்கள் வீட்டிலும் பாட்டன் பூட்டன் படம் ஒன்று நீள்வட்டத்தில் இப்படி இருக்கலாம். அங்கே ஓரம் வெளுத்தது. நாம் இப்போது செய்வது கருக்கல்.

கருக்கலும் கணினி கண்டுபிடித்த வித்தை இல்லை. பிலிம் காலத்தில் இருட்டறையில் படம் அச்சிடும்போது, நடுப்பகுதியைக் கையாலோ அட்டையாலோ மறைத்துக்கொண்டு ஓரங்களுக்கு மட்டும் சில விநாடி கூடுதல் வெளிச்சம் காட்டுவார்கள். அந்த இடம் கருத்துவிடும். இதற்கு 'பர்ன்' என்று பெயர். வெளிச்சத்தைத் தடுத்து வெளுக்க வைத்தால் 'டாட்ஜ்'. 1990இல் ஃபோட்டோஷாப் முதலில் விற்பனைக்கு வந்தது. இன்றும் அதில் இந்த இரண்டு கருவிகளும் அதே பெயரில் இருக்கின்றன. பொத்தானில் சின்னதாக ஒரு கை படம் இருக்கிறதே, அது இருட்டறையில் வெளிச்சத்தை மறைத்த கை.

ஓரம் இருண்டால் படம் ஏன் நன்றாக இருக்கிறது? நம் கண் வெளிச்சமான இடத்துக்குத்தான் முதலில் போகும். இதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, சின்ன வயதிலிருந்து கோயிலில் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். கருவறையில் சன்னல் இல்லை. அம்மன் பக்கத்தில் ஒரு விளக்கு எரியும். சின்ன விளக்கிலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒன்றாகிவிடும். அதனால் முகம் பிரகாசமாகவும், பக்கச் சுவர் மங்கலாகவும், மூலை இருட்டாகவும் தெரியும். தீபாராதனை நேரத்தில் கண் வேறெங்கும் போகாது. கல்லும் எண்ணெயும் திரியும் சேர்ந்து செய்த விக்னெட் அது. (அதற்காகக் கருவறைக்குள் கைப்பேசியை நீட்டாதீர்கள். குருக்கள் திட்டினால் நான் பொறுப்பில்லை.)

லென்ஸ் தானாகவே ஓரத்தை இருட்டாக்கும் என்பது பலருக்குத் தெரியாது. பொறியியல் படிக்கிறவன், கணக்கைச் சொல்லாமல் விடமாட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். லென்சின் நடு அச்சிலிருந்து சாய்ந்து வரும் ஒளி, அந்தக் கோணத்தின் கொசைனை நாலு முறை பெருக்கின அளவுக்குக் குறையும். பழைய 35 மில்லிமீட்டர் பிலிம் கேமராவில் 50 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டால், படத்தின் மூலை அச்சிலிருந்து ஏறக்குறைய 23 டிகிரி தள்ளி இருக்கும். கணக்குப்படி அங்கே விழுவது நடுவில் விழும் ஒளியில் 71 விழுக்காடுதான். 28 மில்லிமீட்டர் அகலக் கோண லென்ஸ் என்றால் 40 விழுக்காட்டுக்கும் குறைவு. லென்சின் குழாயே சாய்ந்து வரும் ஒளியைக் கொஞ்சம் மறைப்பது தனிக் கதை. துளையை, அதாவது அபெர்ச்சரைச் சுருக்கினால் அந்த மறைப்பு குறையும். கொசைன் கணக்கு மட்டும் மாறாது. இன்றைய கைப்பேசி கேமரா இந்த இருட்டைக் கண்டுபிடித்துத் தானாகவே நீக்கிவிடுகிறது. அது நீக்கினதை நாம் மெனக்கெட்டுத் திரும்பப் போடுகிறோம். வேடிக்கைதான்.

சரி, செய்முறை. கைப்பேசியில் ஸ்னாப்சீட் வைத்திருப்பவர்கள் 'விக்னெட்' கருவியைத் திறந்தால் நடுவில் ஒரு புள்ளி வரும். அதை விரலால் இழுத்து, எந்த முகம் முக்கியமோ அங்கே வையுங்கள். பலர் இதைச் செய்வதே இல்லை. புள்ளி படத்தின் நடுவிலேயே கிடக்கும், ஆள் இடப்பக்கம் நிற்பார், வெளிச்சம் மேசைமேல் விழும். இரண்டு விரலால் கிள்ளினால் வட்டம் சிறுக்கும், விரித்தால் பெருக்கும். வெளிப்பக்க வெளிச்சம், உட்பக்க வெளிச்சம் என்று இரண்டு அளவு தனித்தனியாக இருக்கும். உட்பக்கத்தைத் தொடாமல் விடுவது நல்லது. கூட்டினால் நெற்றி விபூதி வெளுத்துப் போகும்.

கணினியில் நான் பயன்படுத்துவது கிம்ப். காசு இல்லை, மாணவர்களுக்கு அதுவே போதும். படத்தைத் திறந்ததும் முதல் வேலை லேயரை நகல் எடுப்பது. அசலில் கை வைக்காதீர்கள். நகல் லேயரில் நின்று ஃபில்டர்ஸ், லைட் அண்ட் ஷேடோ, விக்னெட் என்று போங்கள். 'ரேடியஸ்' கூடினால் இருட்டு வெளியே தள்ளிப் போகும். 'சாஃப்ட்னஸ்' கூடினால் இருட்டு தொடங்கும் இடம் தெரியாமல் கரையும். இதைக் கூட்டியே வையுங்கள், வட்டம் கண்ணுக்குத் தெரிந்தால் விக்னெட் தோற்றுப் போச்சு. 'சென்டர்' எக்ஸ், ஒய் இரண்டும் நடுப்புள்ளியை நகர்த்த. நிறம் கறுப்பாக வரும், அப்படியே விடாதீர்கள். பழைய படம் பழுப்பாக இருந்தால், அந்தப் படத்திலேயே இருக்கிற ஓர் இருண்ட பழுப்பை எடுத்துப் போடுங்கள். சுத்தக் கறுப்பு பழைய படத்தில் மசி கொட்டின மாதிரி இருக்கும். கடைசியில் அந்த லேயரின் ஒபாசிட்டியை 100இலிருந்து இறக்கிக்கொண்டே வந்து, 'இருக்கா இல்லையா' என்று சந்தேகம் வரும் இடத்தில் நிறுத்துங்கள். எனக்கு அது பெரும்பாலும் 20க்கும் 30க்கும் நடுவில் வரும்.

வெட்டுவதை எல்லாம் முடித்துவிட்டுத்தான் விக்னெட் போட வேண்டும். முதலில் போட்டுவிட்டுப் பிறகு வெட்டினால் ஒரு பக்கம் இருட்டு, மறுபக்கம் இல்லை என்று கோணிப் போகும். இன்னொன்று, நீல வானம் இருக்கிற படத்தில் வேண்டாம். பத்துமலை முருகன் சிலை 42.7 மீட்டர்; அவ்வளவு உயரத் தங்க நிறத்துக்குப் பின்னால் வானம் பளிச்சென்று இருக்கும்போது மூலையை இருட்டாக்கினால் மழை வரப் போகிற மாதிரி அழுக்காகத் தெரியும். காவடி எடுத்து வருகிறவரைச் சுற்றித் தண்ணீர்ப் பந்தல், குடை, விளம்பரத் துணி என்று ஆயிரம் இருக்குமே, அங்கே போடுங்கள். அந்த இரைச்சல் அடங்கும்.

இதுவரை சொன்னதுதான் நான் எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தது. இனி நான் செய்த கூத்து.

எங்கள் குடும்பம் புக்கிட் பெலண்டோக் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய குடும்பம். பழைய படங்கள் எங்களிடம் மிகக் குறைவு. 1999இல் நிப்பா நோய் வந்தபோது இந்த வட்டாரத்தில் பல குடும்பங்கள் அவசர அவசரமாக வெளியேறின. பக்கத்துச் சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரைத்தான் அந்த வைரசுக்கு வைத்தார்கள். மலேசியாவில் 105 பேர் இறந்தார்கள். நான் பிறக்காத காலம். துணிமணியும் அடையாளக் கார்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினவர்கள் ஆல்பத்தை எடுக்கவில்லை. திரும்பி வந்தபோது வீட்டுக்குள் ஈரம் இறங்கி எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன என்று அப்பா சொல்வார். தப்பினது சிரம்பானில் அத்தை வீட்டில் இருந்த ஒரே ஒரு குழுப்படம். தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் எடுத்தது. கறுப்பு வெள்ளை, தபால் அட்டை அளவு. நடுவில் நாற்காலியில் மாலை போட்ட வெள்ளைக்காரத் தொரை. இரண்டு பக்கமும் கிராணியும் மண்டோர்களும். பின்னால் கோயில் தகரக் கூரை. ஆண்கள் நாலு வரிசை. பெண்கள் வலது ஓரத்தில், பாதி மர நிழலில்.

நம் கிளை திருவிழாவில் பழைய படக் கண்காட்சி வைத்தபோது இந்தப் படத்தை ஸ்கேன் செய்து, வழக்கம்போல ஓரத்தை இருட்டாக்கி, ஏ3 அளவில் அச்சடித்துக் கோயில் மண்டபத்தில் மாட்டினேன். ஒபாசிட்டி 50. கணினியில் பிரமாதமாக இருந்தது. எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். மாலையில் அத்தை வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"டேய், எங்கம்மா எங்கடா?"

"அங்கதான் இருப்பாங்க அத்தை, வலது பக்கம்."

"இல்லையே. தொரதான் இருக்கான்."

கிட்டப் போய்ப் பார்த்தேன். வலது ஓரத்தில் பெண்கள் இல்லை. ஒரு கறுப்புத் திட்டு, அதில் ரெண்டு சேலைக்கரை. என் பாட்டி நின்ற இடத்தில் என் விக்னெட் நின்றது. அத்தை கோபப்படவில்லை. "பரவால்லய்யா, நீ என்ன வேணும்னா செஞ்ச" என்று சொல்லிவிட்டுச் சாமி கும்பிடப் போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அன்று ராத்திரி ஸ்கேனைத் திறந்து எண்களைப் பார்த்தேன். கணினியில் ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சமும் 0 முதல் 255 வரை ஓர் எண். 0 கறுப்பு, 255 வெள்ளை. நான் எதுவும் செய்வதற்கு முன்பே வானம் நடுவில் 210, வலது மூலையில் 147. அதாவது அந்தக் காலத்து லென்ஸ் ஓரத்தை ஏற்கெனவே 70 விழுக்காட்டுக்கு இறக்கிவிட்டது. நான் அதற்கு மேல் 50 போட்டேன். இருட்டு கூட்டல் கணக்கு இல்லை, பெருக்கல் கணக்கு. 70இல் பாதி 35. பாட்டி முகம் ஸ்கேனில் 62 இருந்தது, என் கைவண்ணத்தில் 31 ஆனது. திரையில் 31 கொஞ்சம் தெரியும், ஏனென்றால் திரை தானே ஒளி விடுகிறது. காகிதத்தில் மை கொஞ்சம் பரவும். 'டாட் கெயின்' என்பார்கள். இருட்டுப் பகுதி இன்னும் அடைத்துக்கொள்ளும். மண்டபத்து மங்கல் விளக்கையும் சேருங்கள், மிச்சம் ஒன்றும் இல்லை. தொரையின் வெள்ளைச் சட்டை 230இல் இருந்தது. நடுவில் இருந்ததால் அதை நான் தொடவே இல்லை.

இதைத்தான் நான் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. வெயிலில் உழைத்த கறுத்த முகங்கள் படத்தில் முதலிலேயே கீழ் எண்களில் இருக்கின்றன. வெளுத்த முகத்தைப் பாதியாக்கினாலும் முகமாகத் தெரியும். கறுத்த முகத்தைப் பாதியாக்கினால் அது பின்னணி ஆகிவிடும். இது விக்னெட்டோடு நிற்கும் சங்கதி இல்லை. 1950களிலிருந்து கோடாக் நிறுவனம் கலர் படம் அச்சிடும் கூடங்களுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பி வந்தது. 'ஷெர்லி கார்டு' என்று பெயர். வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். அவள் முகம் சரியாக வந்தால் இயந்திரம் சரி என்று கணக்கு. பக்கத்தில் நிற்கும் கறுத்த முகம் எப்படி வருகிறது என்பது பல ஆண்டு யாருக்கும் கவலையாக இல்லை. அப்புறம், குழுப்படத்தில் நடு இடம் யாருக்கு என்பதைப் படம் எடுத்தவர் தீர்மானிக்கவில்லை, தோட்டம் தீர்மானித்தது. தொரைக்கு நாற்காலி, பால்மரம் வெட்டினவளுக்கு ஓரம். என் மென்பொருளும் கேள்வி கேட்காமல் அதே வரிசையைப் பின்பற்றியது, அவ்வளவுதான்.

ஆகவே குழுப்படத்துக்கு விக்னெட் வேண்டாம். பழைய குழுப்படமாக இருந்தால் நேர்மாறாகச் செய்ய வேண்டும். மறுநாள் அசல் படத்தை மீண்டும் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தேன். முதல் ஸ்கேனை ஜேபெக்காகச் சேமித்திருந்தேன். அதில் நிழல் பகுதியெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்திருந்தது. இந்த முறை டிஃப். கிம்பில் இமேஜ், பிரிசிஷன் என்று போய் 16 பிட்டுக்கு மாற்றினேன். 8 பிட்டில் இருட்டை இழுத்து வெளிச்சமாக்கினால் படிப்படியாகக் கோடு விழும். லேயரை நகல் எடுத்து, கர்வ்ஸ் கருவியில் கீழ்ப்பகுதியை மட்டும் மேலே தூக்கினேன். படம் முழுக்க வெளுத்துவிடும், பயப்படாதீர்கள். அந்த லேயருக்குக் கறுப்பு மாஸ்க் போட்டால் வெளுப்பு முழுவதும் மறைந்துவிடும். பிறகு ஓரம் மென்மையான பெரிய பிரஷ், வெள்ளை நிறம், ஒபாசிட்டி 10 வைத்து, வலது ஓரத்தில் மட்டும் தடவித் தடவி வெளிச்சத்தைக் கொண்டு வந்தேன். இருட்டறையில் கையால் மறைத்துச் செய்த 'டாட்ஜ்' வேலையேதான் இது. அவசரப்பட்டு ஒபாசிட்டி 50இல் தடவினால் முகத்தைச் சுற்றி ஒளிவட்டம் வந்துவிடும். பாட்டிக்கு ஒளிவட்டம் பொருந்தும் என்றாலும் வேண்டாம்.

மூன்று மணி நேரம் ஆனது. ஒவ்வொரு முகமாக வந்தார்கள். சேலைக்கரைகளுக்கு ஆள் வந்தது. பாட்டி ஓரத்திலிருந்து இரண்டாவது ஆள். தலையில் துணி கட்டியிருக்கிறார். இடுப்பில் ஏதோ மூட்டை என்று முதலில் நினைத்தேன். இன்னும் கொஞ்சம் தடவினேன். மூட்டைக்குக் கால் இருந்தது.

அத்தைக்கு மடிக்கணினியை எடுத்துப்போய்க் காட்டினேன். "நீங்களா அத்தை?" என்று கேட்டேன். அவர் வெகு நேரம் பதில் சொல்லவில்லை.

"நான் பொறக்குறதுக்கு முன்னால எடுத்த படம்யா இது. இது எங்கண்ணன். ரெண்டு வயசுல காய்ச்சல்ல போயிட்டான். நான் பாத்ததே இல்ல. படமே இல்லன்னு அம்மா சொல்லிக்கிட்டே இருக்கும்."

அறுபது வருடமாக அந்தப் படம் அத்தை வீட்டு அலமாரியில்தான் இருந்தது. பாட்டியும் கடைசிவரை அங்கேதான் இருந்தார். அந்த மூலையின் இருட்டில் பிள்ளை இருப்பது அவர் கண்ணுக்கும் தெரியவில்லை.

"இந்த ரெண்டு பேரை மட்டும் தனியா எடுத்துக் குடுப்பியா?"

இங்கேதான் விக்னெட் திரும்ப வருகிறது. படத்தில் அவர்கள் இருவரும் சேர்ந்து முக்கால் அங்குல அகலம்கூட இல்லை, உயரம் ஓர் அங்குலம். 600 டிபிஐயில் அது 400க்கு 600 புள்ளி. நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 வேண்டும் என்றால் தபால் தலையைவிடக் கொஞ்சம் பெரிதாகத்தான் வரும். அந்த மூலையை மட்டும் 1200 டிபிஐயில் திரும்ப ஸ்கேன் செய்தேன். 800க்கு 1200 கிடைத்தது. அங்குலத்துக்கு 200 என்று விட்டுக்கொடுத்தால் சரியாக 4ஆர் அளவு. 2400இலும் முயன்று பார்த்தேன், காகிதத்தின் நார்தான் பெரிதாகத் தெரிந்தது, முகம் கூடவில்லை. வெட்டினதில் பக்கத்தில் நின்ற பெண்ணின் தோளும் முன்னால் இருந்தவரின் தலைப்பாகையும் பாதிப் பாதியாக உள்ளே வந்தன. அவர்களை அழிக்க மனசு வரவில்லை. முழுப்படத்தில் அவர்கள் முழுசாக இருக்கிறார்கள். இந்தச் சின்னப் படத்தில் மட்டும் கொஞ்சம் பின்னுக்குப் போகட்டும் என்று விக்னெட் போட்டேன். நிறம், அந்தப் படத்தின் மர நிழலிலிருந்து எடுத்த பழுப்பு. நடுப்புள்ளியைப் பாட்டி முகத்திலும் வைக்கவில்லை, பிள்ளை முகத்திலும் வைக்கவில்லை, இரண்டுக்கும் இடையில் வைத்தேன். ரேடியஸ் 1.3, ஒபாசிட்டி 15. கோப்பை வேறு பெயரில் சேமித்தேன். அசல் டிஃப் தொடாமல் இரண்டு இடத்தில் இருக்கிறது. கண்காட்சியில் மாட்டின ஏ3 படத்தையும் எடுத்துவிட்டுப் புதியதை மாட்டியாயிற்று.

அத்தை அந்த 4ஆர் படத்தைக் கண்ணாடி போட்டு, சாமி அறைக்கு வெளியே சுவரில் மாட்டியிருக்கிறார். போன வெள்ளிக்கிழமை போயிருந்தபோது கீழே விளக்கு ஏற்றியிருந்தார். விளக்கு வெளிச்சத்தில் படத்தின் மேல் மூலைகள் தாமாகவே இருண்டு கிடந்தன; நான் போட்ட 15 அதற்கு மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. வீட்டுக்கு வந்து 5ஆகக் குறைத்து, வேறு அச்சு எடுத்து வைத்திருக்கிறேன். அடுத்த வெள்ளி கொண்டு போக வேண்டும்.